மண்டபத்தில் உட்கார்ந்து அமெரிக்க பிஎம்ஆர் இன்டர்வியூ: எதைத் தயார் செய்வது, எங்கே சறுக்குவோம்

எனக்கு ஊர் மண்டபம். எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, அமெரிக்காவில் பிஎம்ஆர், அதாவது உடலியக்க மருத்துவமும் மறுவாழ்வும் படிப்பதற்கு இரண்டு சீசன் விண்ணப்பித்தேன். முதல் சீசனில் மூன்று இன்டர்வியூ வந்தும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் ஏழு வந்தன. 2025 மார்ச்சில் இடம் கிடைத்தது. இடைப்பட்ட ஒரு வருடத்தில் என் மதிப்பெண் மாறவில்லை. விண்ணப்பித்த விதமும், வீடியோவில் நடக்கும் இன்டர்வியூவுக்கு நான் உட்கார்ந்த விதமும்தான் மாறின.

நம் ஊரில் மேற்படிப்பு என்றால் நீட் பிஜி எழுதுவோம், ரேங்க் வரும், கவுன்சலிங்கில் இடம் எடுப்போம். யாரும் நம்மை உட்காரவைத்து "நீ யார், ஏன் இந்தத் துறை" என்று கேட்பதில்லை. அதனால் எனக்கு முன்னால் வழி தெரிந்தவர்கள் யாரும் எங்கள் பக்கம் இல்லை. ராமேசுவரம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று இந்தக் கரையில் இருந்து யாராவது முயல்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக. அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வுகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

1. எந்த வகை இடத்துக்குப் போகிறோம் என்று முதலில் பாருங்கள்

பிஎம்ஆர் மொத்தம் நான்கு வருடம். முதல் வருடம் பொதுவான மருத்துவப் பயிற்சி, அப்புறம் மூன்று வருடம் பிஎம்ஆர். சில இடங்கள் "கேட்டகாரிக்கல்": நான்கு வருடமும் சேர்ந்தே கிடைக்கும். சில இடங்கள் "அட்வான்ஸ்டு": இரண்டாம் வருடத்திலிருந்துதான் அவர்கள் எடுப்பார்கள், முதல் வருடத்துக்கு நீங்கள் தனியாக பிரிலிமினரி அல்லது டிரான்சிஷனல் என்ற ஒரு வருடப் பயிற்சி இடம் தேட வேண்டும்.

முதல் சீசனில் நான் சறுக்கியது இங்கேதான். அட்வான்ஸ்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், முதல் வருடத்துக்குப் போதுமான இடங்களில் விண்ணப்பிக்கவில்லை. அட்வான்ஸ்டு இடம் கிடைத்து முதல் வருடம் கிடைக்காவிட்டால் மார்ச் மாதத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இன்டர்வியூ தனித்தனி, கேள்விகளும் வேறு. பிரிலிமினரி இன்டர்வியூவில் போய் மறுவாழ்வைப் பற்றி மட்டும் பேசினால், "இவருக்கு எங்கள் வார்டில் ஒரு வருடம் உழைக்க மனமில்லை" என்று எடுத்துக்கொள்வார்கள்.

2. பெயரும் ஆவணமும்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பெரிய பள்ளம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். பட்டத்தில் இன்னொரு மாதிரி. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களைச் சரிபார்க்கும் இசிஎஃப்எம்ஜி அமைப்பில் பதிவு, எராஸ் என்ற இணையதள விண்ணப்பம், மேட்ச் (நம் விருப்ப வரிசையையும் மருத்துவமனைகளின் விருப்ப வரிசையையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) நடத்தும் என்ஆர்எம்பி அமைப்பில் பதிவு எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பட்டத்தில் வேறாக இருந்தால் அதற்கு விளக்கமும் ஆவணமும் கேட்பார்கள். இதைக் கணக்குத் தொடங்குவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். செப்டம்பரில் சரிசெய்யப் போனால் சீசனே போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், பட்டம், மதிப்பெண் பட்டியல், கல்லூரி டீன் தரும் மாணவர் மதிப்பீட்டுக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள், உங்களைப் பற்றி நீங்களே எழுதும் தனிக் கட்டுரை. ஒரு திட்டத்துக்கு, அதாவது ஒரு மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவுக்கு, நான்கு பரிந்துரைக் கடிதம் வரை அனுப்பலாம். அதில் ஒன்றாவது பிஎம்ஆர் மருத்துவரிடமிருந்து இருக்க வேண்டும். அமெரிக்காவில் பார்வையாளராகப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சிஎம்சியின் பிஎம்ஆர் துறை போன்ற இடங்களில் சில வாரம் இருக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். "இந்தத் துறையை நேரில் பார்த்திருக்கிறேன்" என்று சொல்ல முடிவதும் முடியாததும் வேறு வேறு.

டீன் கடிதத்துக்கு ஜூன் மாதமே அலையத் தொடங்குங்கள். எனக்கு அது கையில் வர பதினோரு வாரம் ஆனது. நான்கு முறை நேரில் போனேன். அங்கே யாரும் வேண்டுமென்றே இழுத்தடிக்கவில்லை. அப்படி ஒரு கடிதத்தை அவர்கள் அதற்கு முன் எழுதியதில்லை. மாதிரிப் படிவத்தை நீங்களே அச்செடுத்துக்கொண்டு போனால் வேலை பாதியாகக் குறையும்.

3. காலமும் காசும்

ஜூனில் எராஸ் திறக்கும். வெளிநாட்டில் படித்தவர்கள் அதில் நுழைய இசிஎஃப்எம்ஜி வழியாக டோக்கன் வாங்க வேண்டும். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். கடைசி வாரத்தில் திட்டங்கள் அதைத் திறந்து பார்க்கும். அந்த முதல் நாளிலேயே உங்களுடையது முழுமையாக இருக்க வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை இன்டர்வியூ. என்ஆர்எம்பி பதிவை ஜனவரி இறுதிக்குள் முடிக்க வேண்டும், அதற்குப் பின் கூடுதல் கட்டணம். மார்ச் தொடக்கத்தில் ரேங்க் பட்டியலுக்கு, அதாவது நம் விருப்ப வரிசையைத் தருவதற்கு, கடைசி நாள். மார்ச் மூன்றாம் வாரம் முடிவு. ஜூலையில் பணி.

2025 சீசனில் எராஸ் கட்டணம் ஒரு துறைக்கு முதல் 30 திட்டங்கள் வரை தலா 11 டாலர், 31-ஆவதிலிருந்து தலா 30 டாலர். துறைவாரியாகக் கணக்கிடுவார்கள். நான் பிஎம்ஆரில் 40 திட்டங்களுக்கும், முதல் வருடத்துக்கு 20 திட்டங்களுக்கும் போட்டேன். 630 டாலரும் 220 டாலரும் சேர்த்து 850, அன்றைய மதிப்பில் சுமார் 71,000 ரூபாய். என்ஆர்எம்பி பதிவுக்கு 70 டாலர். கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறும், கட்டுவதற்கு முன் பாருங்கள்.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வைத்து, வரம்பையும் உயர்த்திக்கொள்ளுங்கள். என் கார்டில் மூன்றரை சதவீதம் மேலே பிடித்தார்கள், அதற்கு ஜிஎஸ்டி வேறு. நூறு திட்டங்களுக்கு மேல் அள்ளிப் போடச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. வெளிநாட்டு மருத்துவர்களை இதற்கு முன் எடுத்திருக்கிறார்களா, விசா தருகிறார்களா, எந்த வருடம் படித்து முடித்தவர்கள் வரை ஏற்கிறார்கள் என்று ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் பார்த்து, தகுதியில்லாதவற்றை வெட்டுங்கள். அந்தப் பணத்துக்கு இன்வெர்ட்டர் வாங்கலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

4. அழைப்பு நள்ளிரவில் வரும்

அவர்களின் அலுவலக நேரம் நமக்கு மாலை ஏழிலிருந்து விடியற்காலை மூன்று. அழைப்பு மெயிலில் ஒரு சுட்டி இருக்கும். அதில் போய்த் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில இடங்களில் தேதிகள் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். முதல் சீசனில் ஓர் அழைப்பு இரவு 1.10-க்கு வந்தது. நான் காலை ஆறரைக்குப் பார்த்தேன். காத்திருப்போர் பட்டியல் மட்டும்தான் மிச்சம். கடைசிவரை அங்கிருந்து பதில் வரவில்லை.

இரண்டாம் சீசனில் அந்த மெயில் கணக்குக்கு மட்டும் தனி ஒலி வைத்தேன். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். இரவுப் பணி இருந்த நாட்களில் அண்ணன் பார்த்துக்கொண்டார். எந்தத் தேதிகள் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருந்தேன். தேர்ந்தெடுக்கும் தளத்தின் கணக்கை முன்பே திறந்து, கடவுச்சொல்லைச் சேமித்து வையுங்கள். ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள்.

5. நேரக் கணக்கு

அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்கு முன் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம். அதற்குப் பின் பத்தரை. சிகாகோ, ஹூஸ்டன் பக்கம் என்றால் பதினொன்றரை. கலிபோர்னியா பதின்மூன்றரை. ஆக, டிசம்பரில் நியூ ஜெர்சியில் காலை 8 என்றால் நமக்கு மாலை 6.30. கலிபோர்னியாவில் காலை 8 என்றால் இரவு 9.30. அங்கே மதியம் 2 மணி வரை போனால் நமக்கு அதிகாலை 3.30.

இன்டர்வியூவுக்கு முந்தைய மாலை, அங்கே பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களான ரெசிடென்ட்களோடு ஒரு சந்திப்பு வைப்பார்கள். கிழக்குக் கரையில் மாலை 7 என்றால் நமக்கு விடிகாலை 5.30. மார்கழியில் அந்த நேரத்துக்கு எங்கள் தெருக் கோயிலில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பூசாரித் தாத்தாவிடம் முந்தின நாளே போய், "தாத்தா, நாளைக்கு மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சு வைப்பீங்களா, பரீட்சை மாதிரி ஒண்ணு இருக்கு" என்று கேட்டேன். "அதுக்கென்ன தாயி, குழாயை அந்தப் பக்கம் திருப்பி விடுறேன்" என்றார். கேட்டால் செய்வார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

6. கரண்ட், நெட், அறை

இன்டர்வியூ மாதங்கள் அப்படியே நம் வடகிழக்குப் பருவமழை மாதங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாம் தண்ணீர். மறுநாள் 21-ஆம் தேதி மாலை ஆறரைக்கு எனக்கு இன்டர்வியூ. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மதியமே லேப்டாப், கோட்டு, விளக்கு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ராமநாதபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், அன்றைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. நான்கு மணிக்கே சேர்ந்துவிட்டதால் தலை துவட்டி, காப்பி குடித்து, நிதானமாக உட்கார முடிந்தது.

ஆகவே மாற்று இடம் ஒன்றை அக்டோபரிலேயே பேசி வையுங்கள். ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, எங்கே சொந்தம் இருக்கிறதோ அங்கே. ஒரு முறை போய் அந்த வீட்டு நெட்டில் வீடியோ பேசிப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே கிளம்புங்கள், கடைசி நேரத்தில் பேருந்தை நம்பாதீர்கள். நிலைமை கைமீறினால் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு உடனே இரண்டு வரி மெயில் போடுங்கள். வானிலைக்காகத் தேதி மாற்றித் தருவது அவர்களுக்குப் புதிதல்ல. சொல்லாமல் வராமல் இருப்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

வீட்டில் நான் வைத்திருந்தவை: இன்வெர்ட்டரும் பேட்டரியும் 23,000 ரூபாய், ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் 1,800 ரூபாய், ஃபைபர் இணைப்பு, அது போனால் மாற்றிக்கொள்ள வேறு நிறுவனத்தின் சிம் போட்ட இரண்டு போன். முதல் சீசனில் இன்வெர்ட்டர் இருந்தது, ரூட்டர் அதில் இணைக்கப்படவில்லை. விளக்கு எரிந்தது, நெட் போனது. அந்த நான்கு நிமிடத்தில் கேள்வி கேட்டவர் வேறொருவராக மாறிவிட்டார், என் பேச்சும் குலைந்துபோனது.

அறையில் வெற்றுச் சுவர் போதும். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் வைத்துக் கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். கடற்காற்றில் ஜன்னல் கதவு அடிக்கும், கயிறு போட்டுக் கட்டுங்கள். மின்விசிறி மைக்கில் இரைச்சலாகக் கேட்கும், அதனால் வியர்த்தாலும் நிறுத்த வேண்டியிருக்கும். கோட்டு மெல்லிய துணியில் இருந்தால் பிழைப்பீர்கள். நான் மதுரையில் 5,500 ரூபாய்க்குத் தைத்தேன்.

7. "ஏன் பிஎம்ஆர்?"

எல்லா இன்டர்வியூவிலும் இது வரும். சில இடங்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்பார்கள்.

முதல் சீசனில் நான் சொன்ன பதில்: "எங்கள் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது, பிசியோதெரபி கொடுத்தார்கள், நடந்தார், அதனால் இந்தத் துறை பிடித்தது." உண்மைதான். ஆனால் அந்தப் பதிலில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், பிஎம்ஆர் மருத்துவர் எங்கே? ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: அப்படியென்றால் நீங்கள் ஏன் பிசியோதெரபி படிக்கவில்லை? என்னிடம் பதில் இல்லை. நம் ஊரில் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வரவே கூடாது. தசை இறுக்கத்துக்கு போட்டுலினம் ஊசி, நரம்பு-தசை மின்பரிசோதனை, தண்டுவடக் காயத்தில் சிறுநீர்ப்பை, மலக்குடல், படுக்கைப் புண் பராமரிப்பு, செயற்கைக் கால் பரிந்துரை, பல துறையினரை ஒரே நோயாளியைச் சுற்றி ஒருங்கிணைப்பது என்று அந்த மருத்துவர் என்ன முடிவெடுக்கிறார் என்பது உங்கள் பதிலில் தெரிய வேண்டும்.

இரண்டாம் சீசனில் வேறொருவரைப் பற்றிச் சொன்னேன். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பனையிலிருந்து விழுந்த ஒருவர் வந்தார். முதுகெலும்பு முறிவு, இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. ஆபரேஷன் நடந்தது, தையல் ஆறியது, "நல்லா முடிஞ்சது" என்று அனுப்பிவைத்தோம். இரண்டு மாதம் கழித்து உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்ணோடு வந்தார். புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு சொன்னீங்க டாக்டரம்மா. எங்க வீட்டு வாசப்படி ரெண்டு. அதை எப்படித் தாண்டுறதுன்னு யாரும் சொல்லலையே?"

அந்த இரண்டு வாசப்படியைப் பற்றிப் பேசினேன். மணலில் சக்கர நாற்காலி ஓடாது, கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் தனியே இருக்கிறது, அவர் மனைவிக்கு இரவில் இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க யாரும் கற்றுத்தரவில்லை. இதையெல்லாம் யோசிக்க வேண்டிய மருத்துவர் ஒருவர் வேண்டும், அவராக நான் ஆக வேண்டும் என்றேன். அதன் பின் அந்த இன்டர்வியூ முழுக்க அவரைப் பற்றியே நடந்தது. நான் பார்க்க வந்த இடத்தில் இந்த நோயாளிக்கு என்ன செய்திருப்பார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள்.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இப்படிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பனையேறிகள், சங்கு குளிக்கப் போய் வேகமாக மேலே வந்ததால் ரத்தத்தில் காற்றுக்குமிழி சேர்ந்து கால் செயலிழந்தவர்கள், மணிக்கணக்கில் பாறையில் குனிந்து பாசி எடுத்து முதுகும் முழங்காலும் தேய்ந்த அக்காக்கள், சர்க்கரை நோயில் கால் இழந்த மீனவர்கள். நீங்கள் உண்மையில் பார்த்தவரைப் பற்றிச் சொல்லுங்கள். பார்க்காதவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அடுத்த இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். பெயர், ஊர், அடையாளம் தரும் எதையும் சொல்லாதீர்கள். இயலாமையோடு வாழ்பவரைக் குறைபாட்டின் பெயரால் அழைக்காதீர்கள். "தண்டுவடக் காயம் உள்ள ஒருவர்" என்று மனிதரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அங்கே இந்தத் துறையில் வலுவாக இருக்கிறது. "பாவம்" என்ற தொனியும் வேண்டாம்.

8. மற்ற கேள்விகள், பேசும் விதம்

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், தவறு செய்த ஒரு சமயம், குழுவில் கருத்து வேறுபாடு, படித்து முடித்த பிறகு இருக்கும் இடைவெளி, தேர்வில் ஒரு முறை தவறியிருந்தால் அது. இவற்றுக்கு ஒன்றரை நிமிடப் பதில் போதும். மனப்பாடம் செய்யாதீர்கள், நான்கைந்து சம்பவங்களைத் தயார் செய்து எந்தக் கேள்விக்கும் அவற்றிலிருந்து எடுங்கள். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கேள்வி வரலாம். "ஓய்வில் நீச்சல்" என்று எழுதியிருந்தேன், ஒருவர் கடலைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் "சார்", "மேடம்" போடும் பழக்கத்தை விடுங்கள், டாக்டர் என்று சேர்த்துப் பெயர் சொல்லி அழைத்தால் போதும். நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று புரியாது, வாயால் சொல்லுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பன்னிரண்டு முறை ஒத்திகை பார்த்தேன், அதில் ஐந்து முறை மருத்துவமே தெரியாத என் மாமா மகளோடு. அவளுக்குப் புரியாத இடமெல்லாம் நான் உளறிய இடம் என்று பிறகு பதிவைப் பார்த்தபோது தெரிந்தது.

வேறு எங்கெல்லாம் இன்டர்வியூ வந்திருக்கிறது, எங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள் என்று திட்டங்கள் உங்களைக் கேட்கக் கூடாது, அது மேட்ச் விதி. கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. யாராவது கேட்டால் "என் முழு கவனமும் பயிற்சியில்தான்" என்று சிரித்த முகத்தோடு நகர்ந்துவிடுங்கள்.

9. நீங்கள் கேட்க வேண்டியவை

"கேள்வி இருக்கிறதா?" என்றால் "இல்லை" என்று சொல்லாதீர்கள். பயிற்சிக் காலத்துக்குள் சுமார் 200 நரம்பு-தசை மின்பரிசோதனைகளில் பங்கெடுக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை இங்கே எந்த வருடம் எட்டுகிறார்கள் என்று கேளுங்கள். தண்டுவடக் காயப் பிரிவு தனியாக இருக்கிறதா, இரவுப் பணி எப்படி, குளிர்காலத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கார் வேண்டுமா? கடைசிக் கேள்வியை ரெசிடென்ட்களிடம் கேளுங்கள், அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள். சிகாகோவின் ஷெர்லி ரயன் எபிலிட்டிலேப், பாஸ்டனின் ஸ்பால்டிங், நியூ ஜெர்சியின் கெஸ்லர், ஹூஸ்டனின் டிஐஆர்ஆர் போன்ற பெரிய மறுவாழ்வு மருத்துவமனைகளோடு சேர்ந்த திட்டங்கள் உண்டு. பெயரைப் பார்த்து மயங்காமல், அங்கே ரெசிடென்டின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

முடிந்ததும் அன்றிரவே, தூக்கம் வந்தாலும், நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், மனதுக்கு எப்படி இருந்தது என்று. ஏழு இன்டர்வியூ முடிந்த பிறகு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

10. ரேங்க் பட்டியல், விசா

எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அடுக்காதீர்கள். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். மேட்ச் கணக்கீட்டு முறை விண்ணப்பிப்பவரின் விருப்பத்தை முன்வைத்தே ஓடுகிறது, பெரிய இடத்தை மேலே வைத்ததற்காகக் கீழே உள்ள இடம் பறிபோகாது. அட்வான்ஸ்டு இடம் வைத்தால் அதனோடு முதல் வருட இடங்களைத் துணைப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். கடைசி நாள் அமெரிக்க நேரப்படி, முந்தின நாளே சான்றிட்டு முடியுங்கள்.

கிடைத்துவிட்டால் பெரும்பாலும் பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசா. ஸ்பான்சர் இசிஎஃப்எம்ஜி. மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து "தேவைச் சான்று" வாங்க வேண்டும், அதற்கு மார்ச் கடைசியிலேயே விண்ணப்பியுங்கள். வேலைக்கான எச்-1பி விசா என்றால் யுஎஸ்எம்எல்இயின் கடைசித் தேர்வான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். 2025-இல் ஜே-1-க்கு செவிஸ் என்ற பதிவுக் கட்டணம் 220 டாலர், விசா கட்டணம் 185 டாலராக இருந்தது. 2025 மே கடைசியில் புதிய விசா நேர்காணல் நேரம் தருவதை அமெரிக்கா நிறுத்திவைத்து, ஜூனில்தான் மீண்டும் திறந்தது. அப்படி ஏதாவது நடந்தாலும் தாங்கும்படி, இசிஎஃப்எம்ஜி தரும் விசாப் படிவம் கைக்கு வந்த அன்றே சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் எடுங்கள். நேர்காணலுக்கு முந்தின இரவு சேது எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. ஆனால் ரயில் தாமதமாகலாம், அதனால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அசல் ஆவணங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வைக்காதீர்கள்.